பக்கவாட்டில் ஓடும் பேப்பர் நண்டு: ஒரு கோலி போதும்

காசிமேட்டுக்குப் போய் நண்டு வாங்கி வரும் வீட்டுப் பிள்ளையிடம் நேராக நடக்கும் பேப்பர் நண்டைக் காட்டினால், "இது நண்டே இல்ல" என்று ஒதுக்கிவிடும். அதனால் இந்த நண்டு பக்கவாட்டில்தான் ஓடும். பேட்டரி, மோட்டார், நூல் எதுவும் வேண்டாம். வயிற்றுக்கு அடியில் ஒரு அட்டைக் கூண்டு, அதற்குள் ஒரு கோலிகுண்டு. பரீட்சை அட்டையைச் சாய்த்தால் கோலி உருளும், மேலே உள்ள நண்டை இழுத்துக்கொண்டு போகும்.

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை பொருத்தமான வேலை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், கோலி வாய்க்குப் போகும் என்பதை மறக்கக்கூடாது. எத்தனை கோலி எடுத்தோம் என்று எண்ணி வைத்து, முடிந்ததும் எண்ணி வாங்கி வையுங்கள்.

தேவையானவை: கெட்டியான அட்டை, 16 மில்லிமீட்டர் கோலி ஒன்று, ஸ்கேல், கத்தரி, ஃபெவிகால், கிரேயான், மை தீர்ந்த ரீஃபில். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்லது இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எல்லா கனத்திலும் கிடைக்கும். ஆனால் ஒரு நண்டுக்காக அங்கே போகத் தேவையில்லை, முக்குக் கடை சார்ட் பேப்பரே போதும். ஜெராக்ஸ் பேப்பர் மட்டும் வேண்டாம், கோலி மோதினதும் கூண்டின் சுவர் மடங்கிவிடும்.

உடம்பு: 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஒரு நீள்வட்டம். பேப்பரை இரண்டாக மடித்துப் பாதியை வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இது பிள்ளையின் வேலை, கோணலாக வந்தாலும் ஓடும். முதுகில் மூன்று சிவப்புப் பொட்டு வைத்தால் முக்கண்ணன் நண்டு. நீலமாகத் தீட்டிப் புள்ளி போட்டால் நீல நண்டு.

அடுத்தது கோலி ஓடும் கூண்டு. முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். அதனால் பெரியவர்கள் செய்யுங்கள்.

15.4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் ஓர் ஓரத்திலிருந்து 7 மி.மீ. தள்ளி ஒரு கோடு. பிறகு குறுக்கே 2.2, 7.2, 9.4, 14.4 செ.மீ. என்று நாலு கோடு. எல்லாக் கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்து, தீர்ந்த ரீஃபிலால் அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். குறுக்குக் கோடுகளில் அந்த 7 மி.மீ. பகுதியை மட்டும் கத்தரியுங்கள். கடைசி 1 செ.மீ. துண்டில் மட்டும் அந்த 7 மி.மீ. பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். மீதமுள்ள துண்டு ஒட்டுவதற்கு. மடித்து ஒட்டினால் மேலும் கீழும் திறந்த, நீளமான பெட்டி. 7 மி.மீ. மடல்கள் நாலையும் வெளிப்பக்கம் விரியுங்கள். நண்டின் அடிவயிற்றில் ஒட்டுவது அவற்றைத்தான்.

சுவர் இப்போது 13 மி.மீ. உயரம் இருக்கும். கோலி 16. அந்த 3 மி.மீ. வித்தியாசத்தில்தான் நண்டு கொஞ்சம் தூக்கலாகக் கோலி மேல் உட்காரும், ஓடும். சுவர் கோலியைவிட உயரமானால் நாலு பக்கமும் அட்டையில் உரசிக்கொண்டு நகரும், பாதியில் நிற்கும். 8 மி.மீ.க்குக் குறைந்தால் கோலி அடியில் நழுவி வெளியே ஓடிவிடும், நண்டு அப்படியே கிடக்கும். "கோலி நிக்கவே மாட்டேங்குது" என்றால் பெரும்பாலும் கோட்டின் தப்பான பக்கம் மடல் ஆகியிருக்கும்: 13 மடலாகவும் 7 சுவராகவும்.

ஒட்டும் திசையைக் கவனியுங்கள். கூண்டின் 5 செ.மீ. நீளம் நண்டின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகப் போக வேண்டும். கோலி கூண்டுக்குள் சரிவின் கீழ்முனைக்கு ஓடி நிற்கும், உடம்பு அதன் பின்னால் வால் மாதிரி திரும்பிக்கொள்ளும். ஆகவே கூண்டு எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கமே நண்டு போகும். முன்பின்னாக ஒட்டினால் பல்லி மாதிரி ஓடும். சதுரக் கூண்டு செய்தால் திசையில்லாமல் சுற்றும் (அதுவும் சில பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது).

ஃபெவிகாலை மூடியில் ஊற்றி ஊதுவத்திக் குச்சியால் தொட்டுத் தடவுங்கள். பசைக்குச்சி இந்த வேலைக்கு ஆகாது, கோலி நாலு முறை மோதினால் மடல் பிரிந்துவிடும். வெயில் காலத்தில் இருபது நிமிடம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஈரத்தில் காய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை ஒரு கனமான புத்தகம் மேலே இருக்கட்டும், கூண்டு நசுங்காமல் உள்ளே இரண்டு அழிரப்பரை வைத்துவிட்டு.

காலும் கொடுக்கும்: நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்து கால். பக்கத்துக்கு நாலு, 5 செ.மீ. நீளம், 7 மி.மீ. அகலம். ஒரு செ.மீ. உடம்புக்கு அடியில் ஒட்டுங்கள், மீதியை நடுவில் மடித்துக் கீழே தொங்கவிடுங்கள். கடைசி ஜோடியைத் துடுப்பு மாதிரி அகலமாக வெட்டினால் இன்னும் அச்சு அசல். கால் நுனி அட்டையில் பட்டால் அது பிரேக். கோலி இல்லாமல் நண்டைத் தரையில் வைத்து, கால்களுக்கு அடியில் ஒரு பென்சிலைத் தள்ளிப் பாருங்கள். தட்டாமல் போகவில்லை என்றால் நுனியைக் கத்தரியுங்கள்.

கொடுக்கு 3.5 செ.மீ.க்கு மேல் வேண்டாம், முன்பக்கம் கனத்துக் குடைசாயும். ஒட்டும் பிளாஸ்டிக் கண்ணும் அப்படித்தான். கண்ணை வரைந்துவிடுங்கள்.

ஓடவிட பரீட்சை அட்டையே முதல் தேர்வு. ஒரு முனைக்கு அடியில் 5 செ.மீ. அளவுக்கு நோட்டுகளை அடுக்கினால் தானாக ஓடும். கையில் பிடித்துச் சாய்த்தால் திரும்பித் திரும்பி ஓடும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. சிமென்ட் தரை வேண்டாம், சொரசொரப்பில் சுவர் ஓரம் பிய்ந்துபோகும்.

பிறகு சேர்த்தது: கோலி கிடைக்கவில்லை என்பவர்கள் 12 மி.மீ. பேரிங் பால் போடலாம். அதற்குச் சுவர் 9 மி.மீ., கூண்டின் அகலம் 1.8 செ.மீ. எந்த உருண்டை என்றாலும் சுவர் அதன் விட்டத்தில் ஐந்தில் நாலு பங்கை ஒட்டி இருக்கட்டும். ஃபாயில் பேப்பரைச் சுருட்டி உருண்டை பிடித்தால் ஓடாது, உடம்பை இழுக்கும் கனம் அதில் இல்லை.