குல்மார்க் போகிறவர்களுக்கு: பனிச்சரிவில் சிக்கினால்

ராணுவத்தில் இருந்தவன் என்பதால், தக்கலையிலிருந்து காஷ்மீரில் உள்ள குல்மார்க் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் ஸ்வெட்டர் பற்றி விசாரிக்கிறார்கள். ஸ்வெட்டர் கிடக்கட்டும், மக்களே. பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில் ஏறுமுன் மலையைப் பாருங்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வில் புதுப்பனி கிடந்தால் ஆபத்து. இன்ஜின் சத்தத்துக்குப் பனி சரியாது, பாரத்துக்குத்தான் சரியும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் கடக்கட்டும்.

பனி கிளம்பிவிட்டால் முழு வேகத்தில் பக்கவாட்டில் விலகுங்கள். கவிழ்ந்தால் வண்டியை விட்டுத் தள்ளிப்போங்கள். வாடகை முன்பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதுகில் ஏர்பேக் (பிடியை இழுத்தால் காற்று நிரம்பி உங்களைப் பனிக்கு மேலே வைக்க உதவும் பை) இருந்தால், உடனே பிடியை இழுங்கள். முட்டத்து அலையில் சிக்கியதுபோல் கைகால் அடித்து மேலே வரப் பாருங்கள். ஓட்டம் தணியும்போதே ஒரு கையை மடக்கி வாய், மூக்குக்கு முன்னால் வையுங்கள். நின்ற மறுகணம் பனி இறுகிவிடும்; பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது. அந்தக் கையளவு இடைவெளியில்தான் மூச்சு.

வெளியே நிற்பவர், தோழர் மறைந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு டிரான்சீவரால் (ஒவ்வொருவரும் உடலில் கட்டியிருக்கும், புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கும் கருவி) தேட வேண்டும். 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மண்வெட்டி உங்கள் முதுகுப்பையில் இருக்கட்டும். வண்டியில் கட்டினால் வண்டியோடு புதைந்துவிடும். தேடும்போது செல்போனை அணைத்துவிடுங்கள், அது டிரான்சீவரைக் குழப்பும்.