ஊருக்குப் போகும்போது பூனையை வீட்டிலேயே விட்டுச் செல்வது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் பூனையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புது இடத்தில் பல பூனைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வராது. அது தன் வீட்டிலேயே இருக்கட்டும், பார்த்துக்கொள்ள ஆள் வரட்டும்.

1. காசு வாங்கிக்கொண்டு வருபவரோ, எதிர் ஃபிளாட் அக்காவோ, தினமும் ஒரு முறையாவது வர வேண்டும். இரண்டு வேளை வந்தால் நல்லது. சாப்பாட்டை மொத்தமாகக் கொட்டி வைத்துவிட்டுப் போவதெல்லாம் சரிப்படாது. கிளம்புவதற்கு முன்பே ஒருநாள் வரவழைத்து, அவர் கையாலேயே சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள்.

2. டிரை ஃபுட்டை வேளைவாரியாக அளந்து டப்பாக்களில் போட்டு வையுங்கள். பவுச்சில் வரும் ஈர உணவு நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மிச்சத்தை அவர் கிளம்பும் முன் எடுத்துவிட வேண்டும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணத்தை வைத்தால் போதும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். சுத்தம் செய்யப்போவது பாவம், அந்த அக்காதான்.

3. பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டை அள்ளுவதுதான் முக்கியமான வேலை. ஈரம் பட்டால் கட்டியாகும் மணலில் மூத்திரம் பட்ட இடம் உருண்டையாக இறுகியிருக்கும். அள்ளும்போது எண்ணச் சொல்லுங்கள். வழக்கமான எண்ணிக்கையை நீங்களே முன்கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். உருண்டையே இல்லை, பூனை தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது, அதுவும் ஆண் பூனை என்றால் மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெடும்.

4. டாக்டர் நம்பர், கூடை இருக்கும் இடம், செலவுக்குப் பணம், எல்லாம் ஃபிரிட்ஜ் மேல். கூடவே கொட்டை எழுத்தில்: பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

5. கதவைத் திறக்கும்போது காலால் மறித்தபடி நுழையச் சொல்லுங்கள். பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும். கிளம்பும்போது, பூனை உள்ளே மாட்டிக்கொள்ளவில்லையே என்று பீரோவுக்குள்ளும் வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு பார்வை.

6. உங்கள் துவைக்காத லுங்கியையோ நைட்டியையோ அது படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பூனை ஒளிந்துகொண்டால் இழுக்கக் கூடாது; தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், அதுவாக வரும். வாட்ஸப்பில் தினமும் பூனை போட்டோ வரும். மணல் தட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.