ஸ்விங் செக் வால்வ் எடுக்கும்போது லைன் சைஸை மட்டும் பாக்காதீங்க, ஃப்ளோவையும் பாருங்க

பம்ப் டிஸ்சார்ஜ்ல இருக்கிற என்ஆர்வி (நான்-ரிட்டர்ன் வால்வ், அதாவது தண்ணி பின்னால திரும்பாம தடுக்கிற செக் வால்வ்) கொஞ்ச நாள்லயே டக் டக்குனு அடிக்க ஆரம்பிச்சா உடனே மேக் சரியில்ல, காஸ்டிங் சரியில்லன்னு பேச்சு வந்துரும். ஆனா திறந்து பாத்தா ரொம்ப தடவை வால்வ் மேல குத்தமே இருக்காது, அந்த ஃப்ளோவுக்கு அது பெருசா இருக்கும், அதனால தட்டு முழுசா திறக்காம பாதியில நின்னு ஆடிக்கிட்டே இருந்திருக்கும். ஸ்விங் செக் வால்வைப் பொறுத்தவரைக்கும் நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான், தட்டு ஒண்ணு முழுசா திறந்து ஸ்டாப்ல (அதுக்கு மேல போகாம தடுக்கிற இடம்) சாஞ்சு நிக்கணும், இல்ல சீட்ல (மூடும்போது தட்டு உக்கார்ற வளையம்) முழுசா உக்காரணும், நடுவுல மிதக்கவே கூடாது.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். பாடிக்குள்ள ஒரு சீட் ரிங், அதுக்கு மேல ஒரு ஹிஞ்ச் பின், அந்தப் பின்ல தொங்குற ஆர்ம், ஆர்ம் நுனியில நட்டு போட்டு மாட்டின தட்டு, மேல மூட போல்ட் போட்ட கவர், அவ்ளோதான். தண்ணி முன்னால வந்தா தட்டைத் தள்ளிட்டுப் போகும், நின்னா தட்டு தன் வெயிட்ல கீழ இறங்கும், பின்னால திரும்பி வர்ற பிரஷர் அதை சீட்ல அழுத்திப் பிடிக்கும். மோட்டார் கிடையாது, ஹேண்ட்வீல் கிடையாது, வெளிய இருந்து பாத்தா திறந்திருக்கா மூடியிருக்கான்னு கூட தெரியாது, அதனாலதான் இதை யாரும் கண்டுக்கிறதில்ல.

டிசைன்ல ரெண்டு விஷயத்தை கவனிக்கணும். நிறைய வால்வ்ல சீட்டை செங்குத்தா வைக்காம சில டிகிரி சாய்ச்சு வச்சிருப்பாங்க, ஃப்ளோ நின்னதும் தட்டோட வெயிட்டே அதை சீட் மேல சாய்க்கணும்னுதான். இன்னொண்ணு, தட்டு ஆர்ம்ல இறுக்கமா இருக்காது, லேசா ஆடும். புதுசா பாக்கிறவங்க இதை டிஃபெக்ட்னு நினைச்சு டைட் பண்ணப் போவாங்க, பண்ணாதீங்க, அந்த ஆட்டம் இருந்தாதான் தட்டு சீட்ல தானா சமமா உக்காரும். ஆனா நட்டு மட்டும் கழலக் கூடாது, அதுக்குத்தான் காட்டர் பின்னோ லாக்கோ போடறது, அது இல்லாம மூடிட்டா என்னைக்காவது ஒரு நாள் தட்டு கழண்டு லைனுக்குள்ள போயிடும்.

இப்ப சைஸிங். தட்டை முழுசா தூக்கி ஸ்டாப்ல நிறுத்த ஒரு மினிமம் வேகம் வேணும். கிரேன் கம்பெனியோட டிபி 410 கையேட்டுல இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு: ஃப்ளூயிடோட ஸ்பெசிஃபிக் வால்யூம் ஒரு கிலோவுக்கு எத்தனை கன மீட்டர்னு எடுத்து, அதோட ஸ்கொயர் ரூட்டை வால்வ் டிசைனைப் பொறுத்து 45 ஆலயோ 75 ஆலயோ பெருக்கினா நொடிக்கு எத்தனை மீட்டர் வேணும்னு கிடைச்சுரும். தண்ணிக்கு ஸ்பெசிஃபிக் வால்யூம் 0.001, அப்ப முதல் வகைக்கு சுமார் 1.4 மீட்டர், ரெண்டாவது வகைக்கு சுமார் 2.4 மீட்டர். 10 பார் அப்சல்யூட்ல இருக்கிற சாச்சுரேட்டட் ஸ்டீமுக்கு ஸ்பெசிஃபிக் வால்யூம் 0.194, அதுக்கு முதல் வகையிலயே கிட்டத்தட்ட 20 மீட்டர் வேகம் வேணும். இது ஆரம்பக் கணக்குதான், மேனுஃபாக்சரர் கிட்ட அந்த மாடலுக்கான மினிமம் வெலாசிட்டி கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. பம்ப் ஒரு மணி நேரத்துக்கு 100 கன மீட்டர் தண்ணி தள்ளுது, பிரஷர் டிராப் கம்மியா இருக்கட்டும்னு லைனை 8 இஞ்ச்ல போட்டாச்சு, என்ஆர்வியும் அதே 8 இஞ்ச். ஷெட்யூல் 40 (வழக்கமான சுவர் தடிமன்) பைப்ல வேகம் 0.86 மீட்டர்தான் வரும், முதல் வகைக்கே 1.4 வேணும்னு பாத்தோம், ஆக தட்டு ஆயுசு முழுக்க பாதியில தொங்கி ஆடும். அதே ஃப்ளோவுக்கு 6 இஞ்ச் வால்வ் போட்டு ரெண்டு பக்கமும் ரெட்யூசர் வச்சா வேகம் 1.5 கிட்ட வருது, முதல் வகை டிசைனா இருந்தா தட்டு முழுசா தூக்கும், ஆனா மார்ஜின் ரொம்ப கம்மி. பிளான்ட் குறைஞ்ச லோடுல ஓடி ஃப்ளோ 70க்கு இறங்குச்சுன்னா வேகம் 1 மீட்டர்தான், மறுபடி மிதக்கும். அதனால நார்மல் ஃப்ளோவை மட்டும் வச்சு கணக்கு போடாம, அதிக நேரம் ஓடற குறைஞ்ச ஃப்ளோ எதுவோ அதை வச்சுப் போடுங்க. அது ரொம்பக் குறைவா இருந்தா ஸ்விங் டைப்பையே விட்டுட்டு ரெண்டு அரைத் தட்டை ஸ்ப்ரிங் மூடற டூயல் பிளேட் மாதிரி வேற டைப்பைப் பாக்கிறது நல்லது.

இதை அலட்சியம் பண்ணினா எவ்ளோ தூரம் போகும்னு காட்ட கலிஃபோர்னியாவுல சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்துல நடந்ததைச் சொல்லணும். 1985 நவம்பர் 21ஆம் தேதி அங்க யூனிட் 1ல உள் மின்சாரம் போயி ஃபீட்வாட்டர் பம்ப் நின்னுச்சு, அப்ப பின்னால போற தண்ணியத் தடுக்க வேண்டிய அஞ்சு செக் வால்வும் தடுக்கல. லைன்ல இருந்த தண்ணி பின்னோக்கிப் போயி பைப்ல ஸ்டீம் நிரம்பிடுச்சு, அப்புறம் குளிர்ந்த தண்ணி உள்ள வந்ததும் ஸ்டீம் சட்டுனு சுருங்கி பெரிய வாட்டர் ஹேமர் (பைப்புக்குள்ள தண்ணி மோதி வர்ற பிரஷர் அடி) அடிச்சு பைப்பிங் டேமேஜ் ஆச்சு. திறந்து பாத்தா தட்டைப் பிடிக்கிற நட்டு லூஸாகி, தட்டு கழண்டும் கிடந்துச்சு. குறைஞ்ச ஃப்ளோவுல தட்டு முழுசா திறக்காம ஒரு வருஷத்துக்கும் குறைவான ஓட்டத்துல அடிச்சு அடிச்சுத் தேஞ்சிருக்கு, கன்ட்ரோல் வால்வ் பக்கத்துலயே இருந்ததால வந்த டர்புலன்ஸும் சேர்ந்துக்கிச்சு. அஞ்சும் ஒரே மாதிரி கெட்டுப் போயிருந்ததுதான் முக்கியம், சைஸிங் தப்பா இருந்தா வரிசையா எத்தனை வால்வ் போட்டாலும் அத்தனையும் சேர்ந்தே போகும்.

அடுத்தது ஸ்லாம். தட்டு திறந்த நிலையில இருந்து மூடற வரைக்கும் நீண்ட தூரம் சுத்தி வரணும், அதுக்குள்ள தண்ணி ரிவர்ஸ் ஆகிட்டா தட்டு டமால்னு அடிக்கும். ஸ்டீல் பைப்ல பிரஷர் அலை நொடிக்கு சுமார் 1200 மீட்டர் வேகத்துல போகுதுன்னு எடுத்தா, ரிவர்ஸ் வேகம் நொடிக்கு அரை மீட்டர் வந்தப்புறம் தட்டு மூடினா ஏற்கனவே இருக்கிற பிரஷர் மேல இன்னும் 6 பார் ஏறும். ஒரே ஹெடர்ல (பொதுவான பெரிய பைப்) ரெண்டு மூணு பம்ப் சேர்ந்து ஓடற இடத்துல ஒண்ணு ட்ரிப் ஆனா மத்த பம்ப் எல்லாம் சேர்ந்து தண்ணிய உடனே பின்னால தள்ளும், அங்க சாதா ஸ்விங் டைப் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன், தட்டு கொஞ்ச தூரமே நகர்ந்து சீக்கிரம் மூடற டில்ட்டிங் டிஸ்க் இல்ல நாசில் டைப் போடுங்க. பெரிய வாட்டர் லைன்ல லீவரும் கவுன்டர் வெயிட்டும் ஆயில் டேஷ்பாட்டும் வச்சு மூடற வேகத்தை அட்ஜஸ்ட் பண்ணுவாங்க. ரெசிப்ரொகேட்டிங் கம்ப்ரஸர் மாதிரி துடிப்பா வர்ற ஃப்ளோவுல ஸ்விங் டைப் வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது பம்ப், என்ஆர்வி, அதுக்கப்புறம் ஐசொலேஷன் வால்வ் (லைனைக் கையால மூடற வால்வ்)ங்கிற வரிசை மாறக் கூடாது, அப்பத்தான் ஐசொலேஷனை மூடிட்டு என்ஆர்விய திறந்து பாக்க முடியும். பம்ப் வாயிலயோ எல்போ முடிஞ்ச உடனேயோ கொண்டு போய் வைக்காதீங்க, பைப் டயாவைப் போல 5 மடங்கு நேர் பைப்பாவது விடுங்க, கன்ட்ரோல் வால்வுக்கு அப்புறம்னா 10 மடங்கு. படுக்கை லைன்ல கவர் மேல பாத்து இருக்கணும், ஹிஞ்ச் பின் மட்டமா இருக்கணும். செங்குத்து லைன்ல ஃப்ளோ மேல போறதா இருந்தா மட்டும்தான் போடலாம், கீழ வர்ற லைன்ல போட்டா தட்டு தொங்கி திறந்தே கிடக்கும், மூடவே மூடாது. பாடியில இருக்கிற ஆரோவ டைட் பண்றதுக்கு முன்னால ஒருத்தர் கண்ணால பாத்து டிக் பண்ணட்டும்.

ஸ்பெக்ல ஸ்டாண்டர்ட் எழுதும்போது ஸ்டீல் பாடின்னா பிஎஸ் 1868 இல்ல ஏபிஐ 594, நம்ம ஊர் குடிநீர் திட்டங்கள்ல ரிஃப்ளக்ஸ் வால்வ்னு கேக்கிறதுக்கு ஐஎஸ் 5312. டபிள்யூசிபி (கார்பன் ஸ்டீல் காஸ்டிங் கிரேடு) பாடிய 425 டிகிரி செல்சியஸுக்கு மேல தொடர்ந்து ஓட்டாதீங்க. ரப்பர் சீட் நல்லா சீல் பண்ணும் ஆனா சூடு தாங்காது, மெட்டல் சீட் தாங்கும் ஆனா கொஞ்சம் பாஸ் ஆகும், அதாவது லீக் ஆகும். எவ்ளோ பாஸ் ஆகலாம்னு ஏபிஐ 598 சொல்லுது: மெட்டல் சீட் செக் வால்வுக்கு தண்ணி டெஸ்ட்ல ஒவ்வொரு இஞ்ச் சைஸுக்கும் நிமிஷத்துக்கு 3 மில்லி, அதாவது 8 இஞ்ச் வால்வ் நிமிஷத்துக்கு 24 மில்லி விட்டாலும் டெஸ்ட்ல தேறிடும். புது வால்வுக்கே அனுமதி இவ்ளோன்னா, என்ஆர்வி இருக்குன்னு நம்பி அதுக்குப் பின்னால ஃபிளேஞ்சைத் திறந்து யாரையும் வேலை பாக்க விடாதீங்க. ஐசொலேஷன் வால்வை மூடி, ட்ரெயின் பண்ணி, பிரஷர் ஜீரோன்னு பாத்தப்புறம்தான் ஸ்பேனர் எடுக்கணும்.

ஓடும்போது காதை வச்சுக் கேளுங்க. விடாம டக் டக்குனு அடிச்சா தட்டு மிதக்குதுன்னு சந்தேகப்படுங்க, பம்ப் நிக்கும்போது மட்டும் ஒரு தடவை பெருசா அடிச்சா ஸ்லாம். பம்ப் நின்னதும் ஷாஃப்ட் ரிவர்ஸ்ல சுத்துதான்னு பாருங்க, சுத்தினா வால்வ் பாஸ் ஆகுது, அந்த நிலையில மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினா ஷாஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஆபத்து. ஷட்டவுன்ல கவரைத் திறந்தா ஹிஞ்ச் பின்னும் அது உக்கார்ற ஓட்டையும் ஓவலா தேஞ்சிருக்கா, காட்டர் பின் இருக்கா, ஸ்டாப்ல அடி வாங்கின தடம் இருக்கா, சீட்ல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கான்னு பாத்து போட்டோ எடுத்து வைங்க. தேய்மானம் இருந்தா பார்ட் மாத்தறதோட நிறுத்தாம, பக்கத்துலயே அன்னைக்கு ஓடற ஃப்ளோவையும் வால்வ் சைஸையும் எழுதி வேகத்தை மறுபடி கணக்கு போட்டுப் பாருங்க.