வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

நிலம் யார் வழியில் வந்தது, எந்த ஆண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், சின்ன வயதிலேயே தவறிப்போன பெரியப்பாவின் பெயர் என்ன, குலதெய்வக் கோயிலுக்கு முன்பு எந்த வழியாகப் போனார்கள்? இவற்றைப் பத்திரத்திலும் ஜாதகத்திலும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி வீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதற்கு ஒரு முறையும் உண்டு. "பாட்டி, உங்க பழைய கதையைச் சொல்லுங்க" என்று போனை நீட்டினால், "என்னத்தச் சொல்ல, அப்பல்லாம் ரொம்பக் கஷ்டம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பாட்டிக்கு எதுவும் மறந்துவிடவில்லை. பிடித்து ஏறுவதற்கு அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

நினைவு வரும் விதம்

நடந்த ஒரு நிகழ்ச்சி மூளையில் ஒரே இடத்தில் முழுதாக உட்கார்ந்திருப்பதில்லை. கண்டது, கேட்டது, மணம், அப்போது பட்ட பயம், பக்கத்தில் இருந்தவர் முகம் என்று பிரிந்து பதிந்திருக்கும். ஏதாவது ஒரு தூண்டுதல் கிடைக்கும்போது அவை திரும்ப ஒன்றுகூடுகின்றன. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு புதிதாகவே கட்டப்படுகிறது. அதனால் பொருத்தமான தூண்டுதல் கொடுத்தால், ஐம்பது வருடமாக எட்டிப்பார்க்காத விஷயமும் வந்து நிற்கும். அதேபோல, கட்டப்படும் நேரத்தில் கேட்பவரின் சொல்லும் உள்ளே புகுந்துவிடும்.

1974-இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் கார் விபத்துக் காட்சியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் முதல் குழுவில் 7 பேரும், "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு சொல் செய்த வேலை இது. "மாமியார் உங்களைக் கொடுமைப்படுத்தினாங்களா?" என்று கேட்பதற்கும், "கல்யாணமாகி வந்த முதல் வாரம் சமையலறையில யார் யார் இருந்தாங்க?" என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு 10 முதல் 30 வயது வரையிலான காலம்தான் மற்ற எந்தக் காலத்தையும்விட அடர்த்தியாக நினைவிருக்கும். முதல் வேலை, கல்யாணம், முதல் பிள்ளை என்று எல்லாமே புதிதாக நடந்த வயது அது. ஆகவே பிறப்பிலிருந்து வரிசையாகத் தொடங்காமல், பள்ளிக்கூடத்திலோ வயல் வேலையிலோ தொடங்குங்கள். நாற்பது, ஐம்பது வயதுக் கால நினைவு மங்கலாக வந்தால் கவலைப்பட வேண்டாம், அது இயல்பு.

உட்காருவதற்கு முன்

ஒரு முழுத் தாளில் குடும்ப மரம் வரையுங்கள். தெரிந்த பெயர்களை எழுதி, தெரியாத இடங்களைக் காலிக் கட்டமாக விடுங்கள். பெரியவர் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்ததும் தாமாகவே நிரப்ப ஆரம்பிப்பார். கூடவே 10 முதல் 15 பழைய போட்டோக்கள் போதும். முழு ஆல்பத்தையும் வைத்தால் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். முகங்கள் மட்டுமல்லாமல் பின்னணியில் வீடு, மாடு, சைக்கிள், கடை தெரியும் படங்களாகப் பார்த்து எடுங்கள். போட்டோவைவிடப் பொருள் சில நேரம் கூடுதலாகப் பேசவைக்கும். பழைய ரேஷன் கார்டு, பித்தளைத் தூக்கு, வெற்றிலைப் பெட்டி, நெல் அளந்த மரக்கால் போன்றவற்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

காலைச் சாப்பாடு முடிந்து, மாத்திரை போட்டு, உடம்பு தெம்பாக இருக்கும் நேரம்தான் நல்லது. ஒரு அமர்வுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதற்கு மேல் நீட்டினால் பதில்கள் சுருங்கிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல் செட், தண்ணீர் எல்லாம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவரைத் தனியாகக் கேட்பதே முறை. கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தால், "இல்லம்மா, அது எழுபத்திரண்டுல" என்று யாராவது மகன் குறுக்கே விழுவார். பெரியவர் உடனே, "நீ சொன்னா சரிதான்" என்று தம் நினைவை விட்டுக்கொடுத்துவிடுவார். அக்கா தங்கை இருவரும் உயிரோடு இருந்தால் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகு சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவரை ஒருவர் கிளறிவிடுவதில் அருமையான விஷயங்கள் வரும். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவர் நினைவில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒலி

சாதாரண போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு பாதியிலேயே நின்றுவிடும். பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடிக்குள், நான்காக மடித்த துண்டின்மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி போலப் பதியும். நேர் மேலே மின்விசிறி ஓடக் கூடாது. வெயில் காலமென்றால் வேகத்தைக் குறைத்து, தள்ளி உட்காருங்கள். குக்கர், டிவி, தெருப்பக்க ஜன்னல் மூன்றையும் கவனியுங்கள். காலர் மைக் வைத்தால் சேலைத் தலைப்பும் தாலிச் சரடும் உரசாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள்.

ஒரு நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, ஒரு மணி நேர இரைச்சலோடு வீடு திரும்புகிறார்கள். தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். பதிவு செய்யலாமா, யார் யார் கேட்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு, அவர் பதிலைப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள் நடத்திச் செல்லுங்கள்

எல்லாக் கேள்விகளையும்விட நன்றாக வேலை செய்வது இடத்தைப் பற்றிய கேள்விதான். பிறந்த வீட்டின் வாசலில் அவரை நிறுத்தி, உள்ளே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தாளில் படம் வரையுங்கள்.

"வாசல்ல நிக்கிறோம் பாட்டி. வலப்பக்கம் என்ன இருக்கு?"
"திண்ணை. தாத்தா அங்கதான் படுப்பாரு."
"திண்ணையைத் தாண்டினா?"
"ரேழி. அங்க நெல்லுக் குதிர் ரெண்டு."
"குதிர்ல இருந்து நெல் எடுக்கிறது யாரு?"
"பெரியம்மா மட்டும்தான். சாவி அவங்க இடுப்புல."

திண்ணையில் தொடங்கிய பேச்சு மூன்றாவது கேள்வியிலேயே அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு வந்துவிட்டது. "உங்க வீட்டுல யார் பேச்சு எடுபடும்?" என்று நேராகக் கேட்டிருந்தால் இது வந்திருக்காது. அடுக்களை, கிணற்றடி, மாட்டுத் தொழுவம், கொல்லை என்று நிதானமாகப் போங்கள். இந்த ஒரு நடைக்கே முழு அமர்வு ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

மற்ற கேள்விகளும் இதே மாதிரி கண்ணுக்குத் தெரியும் விஷயமாக இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போனீர்கள், கூட யார் வந்தார்கள்? தீபாவளித் துணி எங்கே எடுத்தார்கள், யாருக்கு முதலில்? மழைக்காலத்தில் எரிக்க விறகு எங்கிருந்து வந்தது? சினிமாவுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? "அப்பல்லாம்", "எப்பவும்" என்று பதில் பொதுவாகப் போனால், "அப்படி ஒரு நாள் சொல்லுங்களேன்" என்று ஒரே ஒரு நாளுக்கு இறக்குங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வயதானவர்களுக்கு நினைவு ஒன்றுகூட நேரம் பிடிக்கும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அடுத்த கேள்வியைப் போடுவதுதான் பதிவுகள் கெடுவதற்கு முதல் காரணம்.

ஆண்டுகளைக் கண்டுபிடிப்பது

"அது எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தவறான பதிலே வரும். நெடுங்காலத்துக்கு முன் நடந்ததைச் சற்றுக் கிட்டத்தில் நடந்ததாக எண்ணுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதனால், தேதி தெரிந்த பொது நிகழ்ச்சிகளோடு கோத்துக் கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில். இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டது 1965 ஜனவரி. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு 1977 நவம்பர் புயல் மறக்காது. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. இலங்கைக் குடும்பமென்றால் 1958 கலவரம், 1978 நவம்பர் மட்டக்களப்புச் சூறாவளி, 1981 யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலைக் கலவரம். மலையகத்தாருக்கு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்ற ஒரு கேள்வியிலேயே பல ஆண்டுக் குழப்பம் தீரும்.

பிள்ளை பெற்ற பெண்கள் பலர் காலத்தைப் பிள்ளைகளை வைத்தே கணக்கிடுகிறார்கள். "உன் சித்தப்பன் அப்ப கைக்குழந்தை" என்பது துல்லியமான தகவல். சித்தப்பா பிறந்த ஆண்டு உங்கள் குடும்ப மரத்தில் இருந்தால் வேலை முடிந்தது. தமிழ் வருடப் பெயர் சொன்னால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். குரோதி என்றால் 1964 ஏப்ரலிலிருந்து 1965 ஏப்ரல் வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் பாட்டியின் பாட்டியைப் பற்றிய பேச்சாக இருந்தால் அது 1904-ஆகவும் இருக்கலாம்.

இடறும் இடங்கள்

பலமுறை சொல்லித் தேய்ந்த கதைகள் ஒவ்வொரு பெரியவரிடமும் நாலைந்து இருக்கும். சொல் மாறாமல் வரும். தடுக்காமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பிறகு அந்தக் கதையில் பேசாத ஆளைப் பற்றிக் கேளுங்கள்: "அப்ப அத்தை எங்க இருந்தாங்க?" அங்கேதான் புது நினைவு பிறக்கும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் அவரவர் பெயரில் எழுதி வையுங்கள். பத்திரமோ பள்ளிச் சான்றிதழோ கிடைத்தால் பக்கத்தில் குறியுங்கள், பெரியவர் சொன்னதை அடிக்க வேண்டாம். தேதி தவறாக இருந்தாலும், அந்த நிகழ்ச்சி அவர் மனதில் எப்படித் தங்கியது என்பதற்கு அவர் சொல்லே சான்று.

அழுகை வந்தால் பேசாமல் பக்கத்தில் இருங்கள். "நிறுத்தட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள், முடிவு அவருடையது. போர், கலவரம், பிள்ளைச் சாவு, குடும்பத்துக்குள் நடந்த வன்முறை ஆகியவற்றை நீங்களாகத் தோண்ட வேண்டாம். அவரே எடுத்தால் கேளுங்கள். அன்றைய அமர்வை அந்த இடத்திலேயே முடித்துவிட்டு எழுந்து போகவும் கூடாது. அன்றாட விஷயம் ஏதாவது கொஞ்ச நேரம் பேசிவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மறதி நோய் உள்ளவரிடம், "நான் யாரு, தெரியுதா?" என்று சோதிக்கும் வழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். தெரியாதபோது அவருக்கு அவமானம்தான் மிச்சம். நீங்களே, "நான் உங்க பேத்தி, கௌரி வந்திருக்கேன்" என்று சொல்லி உட்காருங்கள். பெயரும் தேதியும் போன பிறகும் கைப்பழக்கமும் பாட்டும் நெடுநாள் தங்கும். கோல மாவைக் கையில் கொடுங்கள், பழைய தாலாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். அவர் தவறாகச் சொல்வதைத் திருத்த வேண்டாம்.

பதிந்த பிறகு

அன்றே மூன்று பிரதி எடுங்கள்: கணினியில் ஒன்று, பென்டிரைவில் அல்லது ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ கிளவுடிலோ ஒன்று. ஒரே போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும். முடிந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவத்தில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 60 எம்பிக்குள் முடியும், பேச்சுக்கு அதுவும் போதும். கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், பெயர் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். போட்டோவின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா முகத்தின் பக்கம் தடம் பதிக்கும்.

ஒரு மணி நேரப் பேச்சைச் சொல் விடாமல் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்கு நேரமில்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் பொருளடக்கமாவது எழுதுங்கள்: "15-20: கிணறு வெட்டியது, சின்னத் தாத்தா கோபித்துக்கொண்டு போனது." எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். "வந்தாக" என்றால் "வந்தாக" என்றே இருக்கட்டும். புழக்கத்தில் இல்லாத சொல் வந்தால் அடுத்த முறை அவரிடமே பொருள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொத்துத் தகராறு, அடுத்த வீட்டுக்காரர் மானம், மறைத்து வைத்த கல்யாணம் ஆகியவை வரும் பகுதிகளை நேரக் குறிப்போடு தனியே எழுதி வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முழுப் பதிவையும் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய.

இரண்டாவது அமர்வை ஒரு வாரம், பத்து நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேச்சு கிளறிவிட்டது இடையில் தானாக வந்துகொண்டே இருக்கும். அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வாருங்கள். எழுத முடியாதவரென்றால் கூட இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். திரும்பப் போகும்போது முதல் பதிவிலிருந்து ஐந்து நிமிடத்தை ஓடவிடுங்கள். தம் குரலையே கேட்டு, "இதுல ஒண்ணு விட்டுட்டேன்" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.