செனட்டருக்கு வந்த கடிதங்களைப் படிக்கும் முறை

அமெரிக்க செனட்டர் ஒருவரின் பழைய கோப்புகளில் தொகுதி மக்கள் எழுதிய கடிதங்களைப் படிக்கப் போகிறீர்களா? ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று உடனே எண்ணத் தொடங்காதீர்கள். அவர்களை எழுத வைத்தது யார், எது என்று முதலில் தேடுங்கள்.

செனட்டரின் கோப்புகள் அவருடைய சொந்தச் சொத்து. அதனால் பெரும்பாலும் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலேயே அவை இருக்கும். ஓக்லஹோமாவின் ராபர்ட் கெர் என்றால் நார்மன் நகருக்குப் போக வேண்டும். பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் அவ்வப்போது குறித்துக்கொள்ளுங்கள். தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள்.

முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான கிங்-ஆண்டர்சன் மசோதாவைப் பற்றிய கடிதங்களில்தான் நான் அதிகம் ஆழ்ந்திருக்கிறேன். 1961இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. டாக்டர்களின் மனைவியர் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்து, அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன் பேசிய இசைத்தட்டை ஒலிக்கவிட்டு, செனட்டருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'ஆபரேஷன் காஃபி கப்' என்பது அதன் பெயர். ஆகவே, கையால் எழுதிய கடிதம் தானாக வந்தது என்று நம்பிவிட வேண்டாம். ஒரே ஊர், ஒரே வாரம், 'சோஷலிச மருத்துவம்' என்ற ஒரே சொல்: இம்மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். மறுதரப்பிலும் தொழிற்சங்கங்கள் எழுதத் தூண்டின. அதற்காக அக்கடிதங்களை ஒதுக்கவும் கூடாது; பிறர் சொல்லி எழுதியவரின் பயமும் உண்மையான பயமாக இருக்கலாம்.

நான் மருத்துவமனையின் பில் பிரிவில் வேலை பார்த்தவன். கடிதத்தில் ஒரு தொகை வந்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். மாத ஓய்வூதியம் இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று எழுதிய வரியை எந்தப் பிரசாரமும் எழுதித் தந்திருக்க முடியாது. அத்தகைய வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் எனக்கு மிக மதிப்புள்ளவை அவையே. நோய் விவரம் இருந்தால் எழுதியவரின் பெயரை எங்கும் வெளியிடாதீர்கள்.

தேதி இல்லையா? உறை தொலையாமல் இருந்தால் தபால்தலையைப் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்கு நான்கு சென்ட் என்றால் 1963 ஜனவரி 7க்கு முந்தையது. ஐந்து சென்ட் என்றால் அதற்குப் பிந்தையது. முகவரியில் ஐந்து இலக்கக் குறியீடு இருந்தால் 1963 ஜூலையிலோ அதற்குப் பிறகோ எழுதியது.

கடிதத்தோடு பதிலின் கார்பன் நகலும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஏழை முதியோருக்கு உதவும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் கெரின் பெயரையே தாங்கியிருந்தது. 1962 ஜூலை 17 அன்று முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கிடப்பில் போட செனட் 52-48 என்று வாக்களித்தபோது, அவர் அந்த 52 பேரில் ஒருவர். பதிலில் 'ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது' என்ற பொருள் தொனித்தால், அதைச் சொல்பவர் யார் என்பதை மறக்காதீர்கள்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். காப்பீடு நடைமுறைக்கு வந்தது 1966 ஜூலை 1 அன்றுதான். அதற்குப் பிறகும் பதவியில் இருந்த செனட்டர் என்றால், அட்டை வரவில்லை, பில் நிற்கிறது என்பது போன்ற தனிநபர் குறைகளுக்கான கோப்புகள் உண்டா என்று காப்பகப் பணியாளரிடம் கேளுங்கள். அவற்றைப் பார்க்கக் கட்டுப்பாடு இருக்கலாம். அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.