தம்பி லண்டனில், வீடு அலஸ்தோட்டத்தில்: வாடகை வரியை எப்படிச் சமாளிப்பது

என் தம்பியின் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அவன் லண்டனில். வாடகை வாங்குவது, பைப் உடைந்தால் ஆள் பிடிப்பது எல்லாம் நான்தான். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள், கணக்காளர் இல்லை. நாலு வருஷம் அடிபட்டுத்தான் இதைப் படித்தேன்.

லண்டனில் வதிபவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் பிரித்தானிய வரித் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும். "அங்க சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வெளிநாட்டு வருமானம் விடுபட்டால், வேண்டுமென்று செய்யாவிட்டாலும், 12 வருஷம் பின்னோக்கிப் போய் அவர்கள் வரி கேட்கலாம். அதனால் ஒளிக்கிற பேச்சை விடுங்கள். ஒரே காசுக்கு இரண்டு முறை முழு வரி கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அதற்கு வழி இருக்கிறது. இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே 1979இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இன்னும் நடைமுறையில் உள்ளது. காணி, வீடு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு வாடகைக்கு வரி எடுக்கலாம். வதிகிற நாடும் கணக்குப் பார்க்கும், ஆனால் இங்கே கட்டியதை அங்கே கழித்துவிடும். இரட்டை வரி இல்லை என்றால் வரியே இல்லை என்று விளங்கிக்கொள்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

இனி நான் அடிபட்ட இடம். வீட்டை ஒரு கம்பனி தன் பொறியியலாளர்கள் தங்குவதற்கு மாதம் 1,20,000 ரூபாய்க்கு எடுத்தது. ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்ற இடத்தில் என் பெயர், என் விலாசம், என் டின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்). சும்மா வசதிக்குத்தான் போட்டோம். மாத வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டியதால், இலங்கையில் வதிபவருக்கு உரிய 10 வீதத்தை வாடகையிலிருந்து வரியாக அவர்கள் பிடித்தார்கள். வருஷ முடிவில் வரிக் கழிவுச் சான்றிதழ் வந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன்: "என்னக்கா இது, உங்கட பேரில கிடக்கு?"

என் பெயரில் உள்ள சான்றிதழை வைத்து அவன் லண்டனில் ஒரு சதமும் கழிக்க முடியாது. இங்கேயோ அது என் வருமானம் போல நிற்கிறது, என் ஓய்வூதியத்துக்கு மேலே. கடிதம் எழுதித் திருத்த ஏழு மாதம் போனது.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே வீட்டுக்காரர் பெயர் தம்பியுடையதாக இருக்கட்டும். அவனுக்கு இங்கே டின் இலக்கம் எடுங்கள். அவன் தரும் அற்றோணித் தத்துவத்தை (அவனுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தை) இங்கே பதிவு செய்து, அவனுக்காக நீங்கள் கையெழுத்து வையுங்கள். "வெளிநாட்டில் வதிபவர்" என்று கம்பனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். அப்போது 10 அல்ல, 14 வீதம் பிடிப்பார்கள். கூடத்தான். பரவாயில்லை, கணக்கைப் பாருங்கள்.

வருஷ வாடகை 14,40,000. இங்கே பிடித்த 14 வீதம் 2,01,600. லண்டனில் செலவைக் கழித்து மிஞ்சும் இலாபத்துக்குத்தான் வரி. எங்களுக்குச் செலவு 2,40,000, இலாபம் 12,00,000. தம்பி 20 வீதக் காரன், அங்கே வரி 2,40,000. இங்கே கட்டியதைக் கழித்தால் மிச்சம் 38,400 ரூபாய்க்கு ஈடான பவுண்தான். சான்றிதழ் பிழையென்றால் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரமும் அவன் தலையில். இன்னொன்று: செலவு 4,40,000 ஆகியிருந்தால் லண்டன் வரி 2,00,000 மட்டுமே. கூடுதலாக இங்கே போன 1,600ஐ லண்டன் திருப்பித் தராது.

செலவு என்றால் பராமரிப்பு. உப்புக் காற்றுக்கு எங்கள் கேற் வருஷம் ஒருமுறை துருப்பிடிக்கும். சுரண்டிப் பெயின்ற் அடித்தால் அது செலவு. மேல்மாடி கட்டினால் அது முதலீடு, வாடகைக் கணக்கில் கழியாது. மேசனிடம் துண்டு (பற்றுச்சீட்டு) கேட்டால் சிரிப்பார். நானே சீஆர் கொப்பியில் எழுதி, திகதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குவேன். துண்டெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். நான் இருக்கும் வீடு திருகோணமலைக் கோட்டைப் பக்கம், வெளி மேசையில் கடதாசி வைத்தால் மான் வந்து தின்றுவிடும். பகிடி இல்லை.

அப்புறம் திகதிச் சிக்கல். இங்கே வரி வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. லண்டனில் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. 1752இல் அவர்கள் பழைய காலண்டரில் 11 நாளைத் தூக்கியதின் வால் அது. எங்கள் வாடகை ஏப்ரல் 3ஆம் திகதி வங்கிக்கு வந்தால் இங்கே புது வருஷம், அங்கே பழைய வருஷம். அதனால் கொப்பியில் இரண்டு நிரல் போட்டிருக்கிறேன்: "இங்கே", "லண்டன்". இங்கே வருஷ வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள், அங்கே ஒன்லைனில் ஜனவரி 31க்குள்.

வாடகைக்கு இருப்பது கம்பனி இல்லாமல் சாதாரணக் குடும்பம் என்றால் அவர்கள் வரி பிடிக்க மாட்டார்கள். வீட்டுக்காரர்தான் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் லண்டனில் இல்லாமல் கனடாவில் என்றால், அங்கேயும் இலங்கையோடு 1982இல் கையெழுத்தான உடன்படிக்கை உண்டு. ஆனால் வாடகைக்கு விட்ட வெளிநாட்டுச் சொத்து வாங்கிய விலைக்கு ஒரு லட்சம் கனடா டொலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவமும் நிரப்ப வேண்டும், மறந்தால் தண்டம்.

தம்பி ஓய்வுபெற்று இங்கேயே வந்துவிடலாமா என்று இப்போது கேட்கிறான். பன்னிரண்டு மாதத்தில் 183 நாள் இங்கே நின்றால் இங்கேயும் வதிபவர் ஆகிவிடுவான். இரண்டு நாடும் "எங்கள் ஆள்" என்றால், நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரத் தொடர்பும் எந்தப் பக்கம் என்று உடன்படிக்கை வரிசையாகப் பார்க்கும். பாஸ்போட்டைப் பார்ப்பது அதற்கெல்லாம் பிறகுதான். பிள்ளைகள் அங்கே, வீடு இரண்டு இடத்திலும். போன கிழமை இந்தக் கேள்விக்காகவே கொப்பியில் மூன்றாவது நிரல் போட்டேன்: அவன் இங்கே வந்து நின்ற நாட்கள். இந்த வருஷம் இதுவரை 41.