நுண்பாசியிலிருந்து பயோடீசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், தொண்டிக் கரைகளில் மூங்கில் மிதவைகளில் வளரும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியைப் பார்த்துவிட்டு, அதிலிருந்தே எரிபொருள் எடுக்கலாம் என்று எண்ணுவது தவறு. அதில் கிடைப்பது கராஜினன் என்னும் கூழ்ப்பொருள். எண்ணெய் மிகச் சொற்பம். பயோடீசலுக்கு வேண்டியவை நானோகுளோராப்சிஸ், டெட்ராசெல்மிஸ் போன்ற ஒற்றைச் செல் நுண்பாசிகள்.

அவற்றிலும் எண்ணெயின் சதவீதத்தை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நைட்ரஜன் குறைந்தால் நுண்பாசி கொழுப்பைச் சேர்த்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் அப்போது செல்கள் பெருகுவது தளர்ந்துவிடுவதால், சதவீதம் உயர்ந்தும் நாளொன்றுக்குக் கிடைக்கும் எண்ணெய் குறைந்துபோவதுண்டு. முழு உரமிட்டு அடர்த்தியாக வளர்த்தபின், அறுவடையை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் நைட்ரஜனை நிறுத்துவதே நல்லது.

கடல் அருகில் இருப்பதால் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை என்பது இம்மாவட்டத்தில் எளிதில் ஏமாற்றும் கணக்கு. 20 முதல் 30 செ.மீ. ஆழமுள்ள திறந்த தொட்டியில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர் கோடை வெயிலில் ஆவியாக ஆக உவர்ப்பு ஏறுகிறது. குறைந்த அளவைக் கடல்நீராலேயே நிரப்பினால் அது மேலும் ஏறும். குடிநீருக்கே தவிக்கும் ஊர்களில் இதற்கு நன்னீர் கேட்பது நியாயமாகாது. எனவே தொட்டி நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிப் புதுக் கடல்நீர் விட வேண்டும்; உவர்ப்பின் ஏற்றத்தையும், வடகிழக்குப் பருவமழையில் அது சட்டென்று இறங்குவதையும் தாங்கும் இனத்தையே வளர்க்க வேண்டும். வெளியேற்றும் உரநீரைச் சுத்திகரிக்காமல் மன்னார் வளைகுடாவில் விடுவது, பவளப்பாறைகளுக்கும் கடற்புல் படுகைகளுக்கும் செய்யும் கேடு. இதில் சமரசமே கூடாது.

பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது அறுவடையில்தான். திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் உலர்பாசி இருப்பதாகக் கொண்டால், 1000 லிட்டரிலிருந்து அரை கிலோ தேறும். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 100 கிராம்தான். ஒரு டன் நீரையும் மைய விலக்கு எந்திரத்தில் சுழற்றினால், எண்ணெய் தரும் ஆற்றலைவிடச் செலவாகும் மின்சாரமே மிஞ்சிவிடக்கூடும். முதலில் பாசியைத் திரளச் செய்து, படியவிட்டு, அடியில் தங்கிய குழம்பை மட்டும் எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கு கைகூடும்வரை, அறுவடையை இறால் பொரிப்பகங்களுக்கு உயிர்த்தீவனமாக விற்பதே விவேகம் என்பது என் கருத்து.

பாசியிலிருந்து பிரித்த எண்ணெய், மெத்தனாலோடும் காரத்தோடும் வினைபுரிந்தே பயோடீசலாகிறது. எண்ணெயில் ஈரமோ தனிக் கொழுப்பமிலமோ மிகுந்திருக்க, மெத்தனாலுடன் காரத்தைச் சேர்த்தால் டீசலுக்குப் பதில் சோப்பு நுரைதான் திரளும். ஆதலால் ஈரத்தை நன்கு போக்கி, அமிலத்தன்மையைச் சோதித்த பிறகே வினையைத் தொடங்க வேண்டும்.